ஜூலை மாதக் குளிர்த் தேர்வு

வடக்குக் கோடியில் இருக்கும் ஹரா அலாஸ் கிராமத்தில் தை மாதக் குளிர் மைனஸ் அறுபது வரைக்கும் இறங்கும். அந்தக் கிராமத்துக்குக் கடுங்குளிர்த் தொலைநிலப் படைத் தேர்வுக் குழு வந்து இறங்கியது ஜூலை பதினான்காம் தேதி, முப்பத்துநான்கு டிகிரி வெயிலில். குளிருக்குப் பொருத்தமான ஆட்களைப் பொறுக்க வந்தவர்கள் குளிர்காலத்தில் அல்லவா வரவேண்டும் என்று கூட்டுப்பண்ணைத் தலைவர் பணிவாகக் கேட்டுப் பார்த்தார்.

"குளிர்காலத்துல இங்க எவன் வருவான்?" என்றார் குழுத் தலைவர் கர்னல் லப்தேவ். "அவ்வளவு குளிரு!"

வடக்கே போகும் அதிகாரிகள் ஆட்டுத்தோல் கோட்டு அணியவேண்டும் என்று விதி இருந்தது. கர்னலும் டாக்டர் ரிம்மாவும் அணிந்திருந்தார்கள். கொசுக்களுக்கு அந்த விதி தெரியாததால் முகத்தை மட்டும் கடித்தன. இரண்டு பேரும் வியர்த்து வழிந்தபடி பள்ளிக்கூடத்துக்குள் போய், மேஜை போட்டு, ஊரில் உள்ள பதினொரு முன்னாள் சிப்பாய்களையும் கூப்பிட்டார்கள்.

பதினொரு பேரில் பத்துப் பேர் விமானச் சத்தம் கேட்டதுமே தூரத்துப் புல்வெளிகளுக்கு மாயமாகிவிட்டார்கள். பட்டாளத்தில் ஒருமுறை இருந்தவனுக்கு அந்த அளவு புத்தி இருக்கும். குதிரை மேய்க்கும் தெரெந்திக்கும் இருந்தது. ஆனால் அன்றைக்கென்று பார்த்து அவனுடைய புல்லரிவாளின் பிடி முறிந்துபோனது. பட்டறையில் பிடி போட வந்தவனை, அரிவாளும் கையுமாக அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தச் சமயத்தில் ஒருவனைப் புல்வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு போவது என்றால் என்னவென்று அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். ஒன்பது மாதம் பனி. அதற்கு வேண்டிய புல் முழுவதையும் நாற்பது நாளில் அறுத்து, காயவைத்து, குவித்தாக வேண்டும். நடுவில் மழை வந்தால் அந்தக் கணக்கும் கிடையாது. தெரெந்திக்கு இரண்டு பசு, மூன்று பிள்ளைகள், அகுலீனா என்று ஒரு மனைவி. புல் குறைந்தால் முதல் பனி விழுந்ததும் ஒரு பசுவை வெட்டவேண்டும். அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குப் பால் கிடையாது.

"சட்டுனு முடிச்சு விட்டுடுங்க ஐயா" என்றான் தெரெந்தி. "வெயில் நல்லா அடிக்குது."

"ஒரே ஒரு கேள்விதான்" என்றார் கர்னல். "உன்னைக் குளிர் ஜெயிச்சுடுமா?"

தெரெந்தி ஜன்னலைப் பார்த்தான். ஜன்னல் வடக்குப் பக்கம் திறந்திருந்தது. அந்த ஊர் ஐதீகப்படி குளிர்காலக் காளை வடக்குக் கடலுக்கடியில் படுத்திருக்கிறது. அதன் கொம்பு வளர வளரத்தான் குளிர் ஏறும். கோடையில் அது தூங்கும் என்றாலும் அதன் காது தூங்காது. தனக்குக் குளிராது என்று பீற்றிக்கொண்ட எவனும் அடுத்த வசந்தத்தைப் பார்த்ததில்லை என்பது ஹரா அலாஸில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஆகவே குளிரைப் பற்றி யார் கேட்டாலும் அங்கே பதில் ஒன்றுதான்.

"ஜெயிச்சுடும் ஐயா. குளிர் பெரியவரு, நான் சின்னவன்."

கர்னல் எழுந்தே விட்டார். "எழுதிக்கோங்க டாக்டர்! உலகத்துலயே கடுங்குளிரான ஊர்ல பொறந்து, முப்பத்தாறு வருஷம் அதுலயே கிடந்தவன். இன்னும் குளிருக்குப் பயப்படறான். இத்தனை வருஷம் பழகியும் போகலேன்னா இது ரத்தத்துலயே உள்ள கோளாறு. தகுதியில்லை!"

தெரெந்திக்கு உயிர் வந்தது. அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டான். "அப்ப நான் வர்றேன் ஐயா."

"எங்க கிளம்பிட்ட?"

"வீட்டுக்கு."

டாக்டர் ரிம்மா படிவத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். நல்ல மனுஷி. நிஜமாகவே தேடினார். "வீடுன்னு ஒரு கட்டம் இதுல இல்லையே, தோழர். ரெண்டே கட்டம்தான். குளிர்ப் படை, வெப்பப் படை. குளிருக்கு ஆகாதவங்க வெப்பத்துக்கு. பாலைவன எல்லை, மூணு வருஷம்."

"குளிர்ப் படைன்னா எங்கம்மா போகணும்?"

டாக்டர் வரைபடத்தில் விரலை வைத்தார். ஹரா அலாஸுக்கு மேலே உள்ள மேட்டுநிலம். குதிரையில் போனால் அரை நாள். தெரெந்தி வருஷா வருஷம் குதிரை மேய்க்கும் இடம் அது. அங்கே இருந்துகொண்டே வாரத்துக்கு இரண்டு நாள் இறங்கிவந்து புல் அறுத்துவிடலாம்.

"ஐயா, இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க" என்றான்.

"கேள்வி ஒரு தடவைதான்" என்றார் கர்னல். "செய்முறைத் தேர்வு வேணும்னா இருக்கு."

செய்முறைத் தேர்வுக்குக் குளிர் வேண்டும். ஜூலையில் குளிர் இருந்த ஒரே இடம் கூட்டுப்பண்ணையின் பனிக்கிடங்கு. உருகாத நிலத்தைக் குடைந்து பத்து ஆள் ஆழத்துக்குப் படி வெட்டியிருப்பார்கள். மீனும் குதிரை இறைச்சியும் கல்லாக உறைந்து கிடக்கும். கோடை முழுக்க உள்ளே மைனஸ் எட்டு டிகிரி. ஊர் மொத்தத்தின் சாப்பாடும் அதற்குள் இருந்ததால் அதன் வாசலுக்கு ஒரு சட்டம் இருந்தது. திறந்து கிடக்கும் கதவை யார் பார்த்தாலும் மூடி, வெளியே தாழ்க்கட்டையைப் போட்டுவிட்டுத்தான் நகரவேண்டும். ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கை தானாகவே போகும்.

கிடங்கு வாசலில் நாற்பது வயது சார்ஜண்ட் ஒருவர் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனி கறுத்திருந்தது. பெயர் ஓவெஸ். கராகும் பாலைவனத்துக்காரர். குழுவின் ஒப்புநோக்கு மாதிரி அவர்தான். ஒவ்வொரு ஊரிலும் முதலில் அவரைக் குளிரில் உட்காரவைத்து, பிறகு ஊர்க்காரனை உட்காரவைத்து, இரண்டு பேரையும் ஒப்பிடுவார்கள்.

"பாலைவனத்து ஆளு நீங்க. குளிருக்கு எப்படி மாதிரி ஆனீங்க அண்ணே?" என்று கேட்டான் தெரெந்தி.

"உண்மையைச் சொன்னேன், தம்பி. அதான் வினை" என்றார் ஓவெஸ். "முதமுதல்ல எங்க ஊர்லதான் தேர்வு வெச்சாங்க. ஆகஸ்ட் மாசம். நாப்பத்தஞ்சு டிகிரி. குளிருதான்னு கேட்டாங்க. இல்லன்னேன். அன்னைக்கு மாட்டினவன்தான். இது பன்னெண்டாவது ஊரு."

"இப்ப குளிருதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா, அன்னைக்குப் பொய் சொன்னேன்னு கேஸு. ராணுவ கோர்ட்டு."

தேர்வுக்கு அரசாங்க உள்ளாடை மட்டும்தான் அனுமதி. நாற்பது நிமிஷம் உட்காரவேண்டும். டாக்டர் ரிம்மா இரண்டு ஆட்டுத்தோல் கோட்டு போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு நடுக்கத்துக்கும் கையிலிருந்த கருவியை ஒரு முறை அமுக்குவார். ஓவெஸ் நீலமாகி, பல் கிட்டிப்போய், நாற்பது நிமிஷமும் உட்கார்ந்திருந்தார். "கதகதப்பா இருக்கு, தோழர் டாக்டர்" என்று நான்கு தவணையில் சொன்னார். நடுக்கம் முந்நூற்றுப் பத்து. வாக்குமூலம் உறுதி. தேர்ச்சி.

தெரெந்தி உள்ளே போனான். மூன்று நிமிஷம் சுற்றிலும் பார்த்தான். உடுப்பில்லாத மனுஷன் குளிரில் என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்தான். படியேறி வெளியே வந்து, கதவை மூடித் தாழ்க்கட்டையைப் போட்டு, சட்டையை மாட்டிக்கொண்டான். உள்ளே டாக்டர் இருந்தது அவனுக்கு நினைவு வந்ததே அவர் கதவை இடித்த பிறகுதான்.

"மூணே நிமிஷத்துல போர்முனையை விட்டு ஓட்டம்!" என்றார் கர்னல். "ஏன் ஓடின?"

"உடுப்பு இல்லீங்களே ஐயா. உடுப்பு இல்லாம உக்காந்தா செத்துப்போயிடுவோம்."

"பாத்தீங்களா டாக்டர்? குளிர்ல என்ன ஆகும்னு இவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. இதுதான் ஆபத்து!" கர்னல் மேஜையைத் தட்டினார். "நான் இருபத்தாறு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு தடவைகூட பனியைத் தொட்டதில்லை. அதனாலதான் என் தீர்ப்புல பாரபட்சம் இருக்காது. குளிரை அறியாதவன்தான் குளிர்ல நிப்பான். குளிரைத் தெரிஞ்சவன் பாதி எதிரியோட ஆளு!"

டாக்டர் வெப்பம் என்ற கட்டத்தில் பென்சிலால் லேசாகக் கோடு போட்டார். மையால் எழுதுவது கையெழுத்து நாளில்தான். அதுவரை தெரெந்தி பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போகக்கூடாது. பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மேகம்கூட இல்லை. புல் அறுக்க அதைவிட நல்ல வாரம் பத்து வருஷத்தில் வந்ததில்லை.

ஐந்தாம் நாள் அகுலீனா வந்தாள். கை முழுக்கக் கொப்புளம். ஒரு வாளி குதிரைப்பால் மோரை ஜன்னல் வழியாக இறக்கி வைத்தாள்.

"நல்லா இருக்கியாய்யா? பெஞ்சு மெத்துன்னு இருக்கா?"

"கேலி பண்ணாத அகுலீனா."

"கேலி பண்றதுக்கு எனக்கு ஏது நேரம்? ஏரிக்கரைப் புல்லுல கால்வாசி அறுத்திருக்கேன். பிள்ளைங்க வாருது. கிழக்க மேகம் மூட்டம் போடுதுன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரு. நீ என்னதான்யா சொன்ன அவங்ககிட்ட?"

"குளிர் பெரியவருன்னு சொன்னேன்."

"அய்யோ மக்கு! குளிராதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா?"

"காளை காதுல விழுந்துடுமே."

"விழுந்தா விழட்டும். காளைக்கு நான் அடுப்புல வெண்ணெய் போட்டு மன்னிப்புக் கேட்டுக்கறேன். பசு பட்டினி கிடந்தா அதுக்கு யாரு பதில் சொல்றது?" அவள் கண் கலங்கியதைக் காட்டாமல் திரும்பிப் போனாள்.

தெரெந்தி அன்றைக்கே கர்னல் முன்னால் போய் நின்றான். காது மடல் சிவக்க, தரையைப் பார்த்துக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னான். "ஐயா, எனக்குக் குளிராதுங்க."

கர்னல் முதல் நாள் குறிப்பைப் புரட்டினார். "அன்னைக்குக் குளிரும்னு சொன்ன. இன்னைக்குக் குளிராதுங்கற. இதுல எது பொய்?"

டாக்டர் ரிம்மா விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முன்னுக்குப் பின் முரணாகப் பேசியவன் தகராறில் உள்ள நபர் ஆகிறான். தகராறில் உள்ள நபரைக் குளிருக்கும் அனுப்பக்கூடாது, வெப்பத்துக்கும் அனுப்பக்கூடாது, விட்டுவிடவும் கூடாது. தகராறு தீரும்வரை குழு எங்கே போகிறதோ அங்கே அவனும் போகவேண்டும். தெரெந்தி மறுபடியும் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறான். இரண்டு பதிலையும் கொடுத்து மாட்டிக்கொண்டவன் அந்த வட்டாரத்திலேயே அவன் ஒருவன்தான்.

ஒன்பதாம் நாள் கையெழுத்து. குழுவின் அறிக்கையில் கையெழுத்து, செயல்களச் சூழலுக்கு நெருக்கமான இடத்தில் போடப்படவேண்டும் என்று விதி. அதனால் மேஜை, நாற்காலி, மைக்கூடு எல்லாம் பனிக்கிடங்குக்குள் இறங்கின. சூழல் சரியாக இருக்கவேண்டும் என்று கர்னல் கோட்டைக் கழற்றி வெளியிலேயே மாட்டினார். இரண்டு நிமிஷ வேலைதானே என்று டாக்டரும் கழற்றினார். ஓவெஸ் மாதிரி என்பதால் உள்ளாடையில் வந்தார். தெரெந்தி தகராறு என்பதால் கூடவே வந்தான்.

"ஐயா, கதவு திறந்து கிடக்கு" என்றான் தெரெந்தி.

"எழுத்துத் தெரிய வெளிச்சம் வேணாமா?"

"யாராவது மூடிடுவாங்க ஐயா."

"அரசாங்கக் குழு உள்ள இருக்கறப்போ கதவை மூட எவனுக்குத் துணிச்சல் வரும்?" என்று கேட்டபடி கர்னல் பேனாவை மையில் தோய்த்தார். மை உறைந்திருந்தது. அதை வாயால் ஊதிக்கொண்டிருந்தபோது மேலே கதவு மூடிக்கொண்டது. தாழ்க்கட்டை விழுந்த சத்தமும் பின்னாலேயே கேட்டது.

கர்னல் கத்தினார். டாக்டர் கத்தினார். ஓவெஸ் மட்டும், "அப்பாடா, முடிஞ்சுது" என்று முணுமுணுத்தார்.

"கத்தாதீங்க ஐயா, மார்ச்சளி பிடிச்சுக்கும்" என்றான் தெரெந்தி. "கதவு கனம். வெளியில கேக்காது. புல்லு அறுக்கறவங்களுக்கு மீன் எடுக்க மத்தியானம் ஆள் வரும். அதுவரைக்கும் இருந்தாகணும்."

இருட்டில் அவன் கை தானாக வேலை செய்தது. மூலையில் இறைச்சி மூடிய குதிரைத்தோல்கள் இருந்தன. மேலே கிடந்த மூன்றை உதறி மூன்று பேருக்கும் போர்த்திவிட்டான். அடியில் கிடந்தது ஒரு கிழக்குதிரையின் தடித்த தோல். அதைத் தான் சுற்றிக்கொண்டான். நாற்காலியை உடைத்துப் பலகையைக் காலுக்கடியில் போட்டான். எல்லோரையும் முதுகோடு முதுகாக ஒட்டி உட்காரவைத்தான். உறைந்த மீன் ஒன்றைக் கத்தியால் சுருள் சுருளாகச் சீவி ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தான்.

"பச்சை மீனா?" என்றார் கர்னல்.

"கொழுப்பு ஐயா. உள்ள போனா சூடு. மெதுவா மெல்லுங்க."

ஒரு மணி நேரம் போயிருக்கும். கருவியின் டிக் டிக் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் ரிம்மா பழக்கதோஷத்தில், ஒட்டியிருந்த முதுகுகளின் நடுக்கங்களைத் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு கர்னலின் குரல், முன்பு இல்லாத மெல்லிய குரல், வந்தது.

"தெரெந்தி... குளிருதுப்பா."

"எனக்கும்" என்றார் ஓவெஸ். சொல்லிவிட்டு நாற்பது வயது மனிதர் விசும்பி அழுதார். "பன்னெண்டு ஊரா குளிருது தோழர் கர்னல். பன்னெண்டு ஊரா."

தெரெந்திக்கு இரண்டு பேர் மேலும் இரக்கம் வந்தது. கர்னலின் தோலை இழுத்துக் கழுத்துவரை மூடிவிட்டான்.

"உனக்கு, தெரெந்தி?" என்று டாக்டர் கேட்டார். கேள்வி மெதுவாகத்தான் வந்தது, ஆனால் விதிப்படி வந்தது. தெரெந்தி யோசித்தான். மேட்டுநிலம் நினைவுக்கு வந்தது, ஏரிக்கரையில் அறுக்காமல் நிற்கும் முக்கால்வாசிப் புல் நினைவுக்கு வந்தது. கடைசியில் அகுலீனாவின் கைக் கொப்புளம் நினைவுக்கு வந்தது. காளையிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

"இல்லம்மா. குளிரல."

மத்தியானம் மீன் எடுக்க வந்தவர்கள் கதவைத் திறந்தார்கள். கர்னல் இரண்டு மணி நேரம் வெயிலில் ஆட்டுத்தோல் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். பிறகு டாக்டர் கணக்கை வாசித்தார். கர்னல் நடுக்கம் எண்ணூற்று நாற்பது, ஓவெஸ் எழுநூற்றுப் பன்னிரண்டு, தெரெந்தி பூஜ்யம். தகராறு தீர்ந்தது. உயிரைக் காப்பாற்றியவனுக்குக் கைம்மாறு செய்யாமல் விடமாட்டேன் என்றார் கர்னல். தெரெந்தியைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

"அப்ப மேட்டுநிலத்துக்கு எப்பய்யா போகலாம்?" என்று கேட்டான் தெரெந்தி.

"மேட்டுநிலமா? பூஜ்யம் எடுத்தவனையா? தம்பி, நாட்டுலயே பூஜ்யம் எடுத்த ஒரே ஆளு நீ. நீதான் இனிமே ஒப்புநோக்கு மாதிரி!"

ஓவெஸின் கதை வேறு மாதிரி முடிந்தது. பன்னிரண்டு ஊரில் தேறியவருக்குத் திடீரென்று எப்படிக் குளிர்ந்தது என்று விசாரணை நடக்கவேண்டும். விசாரணை, சம்பவம் நடந்த இடத்தில்தான் நடக்கவேண்டும். விசாரணைக் குழு குளிர்காலத்தில் வரமுடியாது. ஆகவே அடுத்த ஜூலை வரை ஓவெஸ் ஹரா அலாஸை விட்டு நகரக்கூடாது. விமானம் கிளம்பியபோது கராகும்காரர் ஓடுபாதை ஓரத்தில் தெரெந்தியின் அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அகுலீனா அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். சன்னமாக மழை தூறத் தொடங்கியது.

பதின்மூன்றாவது ஊர் கராகும் பாலைவனத்தின் நடுவில் இருந்தது. அங்கே பனிக்கிடங்கு இல்லை. முலாம்பழம் வைக்கும் குளிர்அறை ஒன்று இருந்தது, அதுவும் பழுது. அதனால் தேர்வு மணலில், ஒட்டகத் தொழுவத்துக்குப் பக்கத்தில் நடந்தது. மாதிரி கெட்டுவிடக்கூடாது என்பதால் தெரெந்தி அரசாங்க ஆட்டுத்தோல் கோட்டு போட்டுக்கொண்டு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தான். ஊர்க்காரர்கள் நாற்பத்தொரு பேர் வரிசையில் வந்தார்கள்.

"குளிருதா?" என்று ஒவ்வொருவரையும் கர்னல் கேட்டார்.

"இல்லை" என்றார்கள் நாற்பத்தொரு பேரும்.

கர்னலுக்குப் பெருமை தாங்கவில்லை. "பன்னெண்டு ஊரா வடக்கயே தேடிட்டிருந்திருக்கோம், டாக்டர்! குளிர்ப் படையோட நாற்றங்காலே இங்கதான் இருக்கு. எல்லாரையும் ஹரா அலாஸ் மேட்டுநிலத்துக்கு அனுப்புங்க."

செப்டம்பர் கடைசியில் அகுலீனாவின் கடிதம் வந்தது. பள்ளிக்கூட நோட்டுத் தாளில் பென்சிலால் எழுதியிருந்தாள். ஓவெஸ் நல்ல மனுஷன், அறுக்கக் கற்றுக்கொள்வதற்குள் காலிரண்டிலும் வெட்டிக்கொண்டார், தினம் சாயங்காலம் தெற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மழையில் அறுத்த புல் பாதி அழுகிப்போயிற்று. ஒரு பசுவுக்குத்தான் புல் தேறும். எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்று எனக்கு மனசு வரவில்லை, நீ வந்து சொல். கடைசியில் இரண்டு வரி: 'அன்னைக்குக் கிடங்குக் கதவை மூடினது நான்தான். திறந்து கிடந்துச்சு, மூடிட்டேன். நீ உள்ள இருக்கேன்னு தெரிஞ்சிருந்தாலும் கை மூடித்தான் இருக்கும், கோவிச்சுக்காத.'

தெரெந்தி கடிதத்தை மடித்துக் கோட்டுக்குள் வைத்தான். கர்னலிடம் போனான்.

"ஐயா, அந்த நாப்பத்தொரு பேரு கிளம்பறப்போ நானும் கூடப் போயிட்டு வரட்டுமா? அவங்களுக்கு எங்க ஊர்க் குளிர் தெரியாது ஐயா. எதை உடுத்தறது, எப்ப பேசக்கூடாதுன்னு நான் சொல்லிக் குடுக்கறேன். ஒரே ஒரு குளிர்காலம்."

கர்னல் பதறிப்போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் குரலில் உண்மையான அன்பு இருந்தது.

"உன்னையா? உன்னைப்போய் அந்தக் குளிர்ல அனுப்புவனா? கெட்டுப் போயிடுவியேப்பா!"

வெளியே அடுத்த ஊர்க்காரர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். டாக்டர் ரிம்மா கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். தெரெந்தி நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டின் பித்தான்களைக் கழுத்துவரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டான்.